அண்ணாமலையாருக்கு எத்தனை பெயர்?
கோவில் நிலத்தைத் தேடுவோர் கம்ப்யூட்டரில் திணறுவது ஏன்?

திருவண்ணாமலை:

கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு மனை. "பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்கிறார் புரோக்கர். அட்வான்சும் கைமாறுகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அது கோவில் இடம் என்று! வாங்கியவர் தலையில் துண்டு.

முன்பெல்லாம் இதை விசாரிக்க தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். இப்போது கோவில் நில ஆவணங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. காசு கொடுக்காமலே பார்க்கலாம். ஆனால் தேடத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும்.

சொந்தக்காரர் சாமி!

கோவில் நிலத்துக்குச் சொந்தக்காரர் தர்மகர்த்தாவும் இல்லை, நிர்வாக அதிகாரியும் இல்லை. சட்டப்படி சாமிதான்! 1959-ம் ஆண்டு அறநிலையத்துறை சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, கமிஷனர் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. பத்தாவது கையாக வாங்கினாலும் கதை இதுதான்.

தமிழ்நாடு முழுவதும் கோவில்களுக்கு உள்ள நிலம் சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர். இதில் 3 லட்சத்து 43 ஆயிரம் ஏக்கருக்கான ஆவணங்களை 2021 ஜூன் மாதம் முதல் கட்டமாக அறநிலையத்துறை தனது இணையதளத்தில் ஏற்றியது. வருவாய்த்துறை கணக்கோடு அப்படியே பொருந்துகிற நிலம், பாதி பொருந்துகிற நிலம், புதிதாகச் சேர்த்த நிலம் என்று தினுசு பிரித்தார்கள்.

இதில் "பாதி பொருந்துகிற" நிலத்தில்தான் வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது கோவில் நிலம் தனியார் பேரில் ஏறிவிட்டது என்று அறநிலையத்துறை அப்பீல் செய்து பட்டாவை மாற்றிய வழக்குகள் ஏராளம். ஆகவே, பட்டாவை மட்டும் காட்டினால் ஏமாற வேண்டாம்!

ஒரு 'ச்' செய்கிற வேலை

அருணாசலேஸ்வரர் என்று எழுதுவார் ஒரு குமாஸ்தா. அருணாச்சலேஸ்வரர் என்று 'ச்' போட்டு எழுதுவார் இன்னொருவர். அண்ணாமலையார் என்பார் மூன்றாமவர். கும்பிடுகிறவனுக்கு எல்லாம் ஒரே சாமி. கம்ப்யூட்டருக்கு மூன்று ஆசாமி! இதெல்லாம் ஒன்றுதான் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காவிட்டால், ஒரு பெயரைத் தட்டினால் மற்ற பெயரில் உள்ள நிலம் வராது.

இன்னொரு தலைவலி, பழைய காகிதங்கள். ஒரு பத்திரத்தை ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் போட்டோ. மனிதன் படிக்கலாம், கம்ப்யூட்டர் தேடாது. யாராவது உட்கார்ந்து ஊர், சர்வே நம்பர், பெயர் எல்லாவற்றையும் டைப் அடித்துச் சேர்க்க வேண்டும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடு எழுத்துமுறையை ஏற்பதற்கு முன் வேறு எழுத்துருக்களில் அடித்த பைல்களும், மாற்றாமல் விட்டால் தேடலில் சிக்குவதில்லை.

லட்சக்கணக்கில் காகிதத்தைக் கொட்டிவிட்டு "எல்லாம் வெளியிட்டாச்சு" என்று சொல்வது, வைக்கோல் போரைக் காட்டி ஊசி உள்ளே இருக்கிறது என்பது மாதிரி. 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டமே இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆவணங்களைப் பட்டியல் போட்டு, தேடுவதற்கு வசதியாக அட்டவணையும் வைக்க வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு.

சோழர் காலத்தில் இந்த வம்பே இல்லை. நிலம் எவ்வளவு, கிழக்கே எல்லை எது, மேற்கே எது என்று கோவில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். அண்ணாமலையார் கோவில் கல்வெட்டுகளைப் படியெடுத்து பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் புத்தகமாகவே போட்டிருக்கிறது.

வாங்கும் முன் என்ன செய்யணும்?

பெயரை வைத்துத் தேடாதீர்கள். புரோக்கர் சொல்கிற "நகர்" பெயரும் உதவாது. வருவாய் கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு நம்பர் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். டவுனுக்குள் இருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் வேண்டும். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகிவிட்டது என்பதற்காக பழைய கணக்கில் ஊர்ப்பெயர் மாறிவிடாது. 1989-க்கு முந்தைய பத்திரம் என்றால் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும்.

அந்த நம்பரை முதலில் அறநிலையத்துறை பட்டியலில் பாருங்கள். அதில் இல்லை என்றால் கோவில் நிலம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2021-ல் ஏற்றியது முழுக் கணக்கு இல்லையே! பிறகு வருவாய்த்துறையில் பட்டா, 'அ' பதிவேடு. கடைசியாக பதிவுத்துறையில் வில்லங்கம். பல அலுவலகங்களில் 1975 முதல் உள்ள வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையது கம்ப்யூட்டரில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடலாம்.

அப்புறமும் சந்தேகமா? அறநிலையத்துறை பொதுத் தகவல் அலுவலருக்கு சர்வே நம்பரைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவரை அட்வான்ஸ் பணம் பீரோவிலேயே இருக்கட்டும்.