மாசி பிறந்தாச்சு, கொல்லைப்பக்கம் போகலாமா?

ஐப்பசி அடைமழை, கார்த்திகைத் தூறல், மார்கழிக் குளிர், தைப்பொங்கல் வேலை என்று நாலு மாதமாகக் கொல்லைக் கதவைத் திறந்தாலும் துணி உலர்த்துகிற கொடி வரைக்கும்தானே போகிறோம்? அதற்கு அப்பால் என்ன ஆயிற்று என்று ஒரு நாள் காலை, காப்பி குடித்த கையோடு போய்ப் பாருங்கள். மாமரம் பூத்திருக்கும். வேம்பு பழைய இலைகளைக் கொட்ட ஆரம்பித்திருக்கும். ஆடியில் போட்ட அவரைக்கொடி பந்தலில் காய்ந்து சலசலக்கும். நடுவில் நீங்கள் போடாத செடிகள் இடுப்பளவு வளர்ந்து நிற்கும்!

இலக்கணப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும்தான். மாசி, பங்குனி இரண்டும் பின்பனிக் காலம். ஆனால் நம் சமவெளித் தோட்டங்களுக்கு வசந்தம் மாசியிலேயே வந்துவிடுகிறது. சித்திரையில் விதை போட்டால் வெயில்தான் அறுவடை செய்யும். இப்போது மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, காலையில் பனி இருக்கிறது, வெயிலும் இன்னும் சீறவில்லை. கையில் இருப்பது ஆறேழு வாரம். அதற்குள் வேரூன்றிய செடி கோடையைத் தாங்கும்.

"என்னத்துக்கு இந்த வேலையெல்லாம்? வாசல்லயே கீரைக்காரம்மா வராங்களே!" என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும், வாங்குங்கள். ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்த சோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 100க்கு 67. அதாவது நம் வீட்டிலேயே யாருக்காவது இருக்க வாய்ப்பு அதிகம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, குழந்தை மண்ணைத் தின்கிறது என்றால் "உடம்பு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் இருக்க வேண்டும்.

கொல்லைப்பக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு விதமான சம்பந்தம் இருக்கிறது. ரத்தத்துக்கு வேண்டியதைத் தருவதும் அந்த மண்தான். கவனிக்காவிட்டால் ரத்தத்தைத் திருடுவதும் அதே மண்தான். திருட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செருப்பில்லாமல் இறங்காதீர்கள்

மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலில் நடந்தால் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் தங்கி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை உறிஞ்சும். நீங்கள் எத்தனை கீரை சாப்பிட்டாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய கதைதான். உங்கள் வீடு சுத்தமாக இருக்கலாம். பக்கத்துக் காலி மனையிலிருந்து மழைத் தண்ணீர் எதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்ததோ!

வீட்டுப் பெரியவர்கள், "மண்ணுல வெறுங்கால் பட்டாத்தான் உடம்புக்கு நல்லது, நாங்கள்லாம் செருப்பு போட்டுக்கிட்டா களை எடுத்தோம்?" என்பார்கள். வாதம் வேண்டாம். "ஆமாம் அத்தை" என்று சொல்லிவிட்டு, கொல்லைக் கதவுக்கு அருகில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போடுங்கள், ஒன்று அத்தையின் அளவில். குழந்தைகளுக்கும் அப்படியே.

தை கடைசியில் இன்னொன்றும் வரும். 2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதியை தேசியக் குடற்புழு நீக்க நாளாக வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். இரண்டு வயதுக்குள் என்றால் அரை மாத்திரை. ஊருக்கு ஊர் தேதி முன்னே பின்னே ஆகும், அங்கன்வாடியில் கேட்டுக்கொள்ளுங்கள். "எங்க பாப்பாவுக்குப் பூச்சித் தொல்லை இல்லை" என்று விடவேண்டாம். புழு இருக்கிற குழந்தைகள் பலருக்கு வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது.

அடுத்தது தண்ணீர். மழை நின்றுவிட்டதே என்று நினைக்காமல், தொட்டிகளின் அடித்தட்டு, உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், அதுவும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டினாற்போல. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தே தீரவேண்டும் என்றால் அதில் மணலை நிரப்பி வையுங்கள்.

செங்கல் அடுக்கு, சருகுக் குவியல் எதையும் கையால் கிளறாதீர்கள். முதலில் கம்பால் தட்டுங்கள். நாலு மாதமாக ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அது. சென்ற மாதம் பிரசவித்தவர்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், மழையில் ஊறிய மண்தொட்டியை நகர்த்துவதெல்லாம் வேண்டவே வேண்டாம். முதல் ஆறு வாரம் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. ஒரு மோடாவைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அதை இங்கே வைங்க, இதை அங்கே தள்ளுங்க" என்று வீட்டுக்காரரை வேலை வாங்குங்கள். வருஷத்தில் ஒரு தரம்தானே!

புட்டு மாவுப் பதம்

மழை பெய்தால் மண்ணுக்குச் சத்து என்று நினைக்கிறோம். அடைமழை உண்மையில் தழைச்சத்தைக் கரைத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மேல்மண்ணும் அடித்து இறுகியிருக்கும். ஆகவே நேராக விதையைத் தூவிவிட்டு, "விதை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

கொத்தத் தொடங்குமுன் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அந்தப் பதம் வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி உருண்டால் இன்னும் நாலு நாள் பொறுங்கள். ஈர மண்ணைக் கொத்தினால் கட்டி கட்டியாய்க் காய்ந்து பாறையாகிவிடும். கொத்திய மண்ணை ஒரு வாரம் வெயிலில் ஆறப் போட்டு, பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு இரண்டு மூன்று கூடை நன்றாக மக்கிய எருவும், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்தால் போதும். மக்காத சாணம் உஷ்ணம், வேரைச் சுட்டுவிடும். மாடித்தோட்டக்காரர்களும் பழைய தொட்டி மண்ணைக் கொட்டி, வேர்களை உதறி, இதே மாதிரி செய்யலாம். புது மண் வாங்கவேண்டும் என்பதில்லை.

உதிர்கிற வேப்பிலையையும் புங்க இலையையும் கூட்டிக் கொளுத்துகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. புகையில் குழந்தை இருமுகிறது, சத்தும் வீண். செடியின் அடியில் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். மண்ணின் ஈரம் காயாது. பங்குனியில் ஒரு குடம் ஊற்றுகிற இடத்தில் அதைவிடக் குறைவாகவே செலவாகும்.

முதலில் கீரை

தோட்டத்துக்குத் திரும்பி வருகிறவர்களுக்குக் கீரைதான் தைரியம் கொடுக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளிலேயே பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரை கொஞ்சம் தாமதம், ஆனால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கடுகைவிடச் சின்ன விதை. ஒரு ஸ்பூன் விதையை ஒரு டம்ளர் மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் அப்பாமல் விழும். மேலே மெல்லிசாக மண். தண்ணீரைக் குடத்தால் ஊற்றாதீர்கள், கையால் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துப்போகாமல் இருக்க, பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவி வைப்பது என் வழக்கம். பெரும்பாலும் அதோடு திருப்தியாகிவிடும்.

முழுப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். நாலு பங்காக்கி வாரத்துக்கு ஒரு பங்கு விதையுங்கள். ஒரே வாரத்தில் பத்துக் கட்டு கீரை வந்து, தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மறுவாரம் வெறும் பாத்தியைப் பார்க்க வேண்டியிராது.

முருங்கையை மறக்கலாமா? வீட்டில் மரம் இல்லாதவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 ரக விதையை ஊன்றலாம். ஆறு மாதத்தில் காய்க்கும். இலைக்காக வளர்ப்பவர்கள் செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடவும். பக்கக் கிளைகள் விட்டு, கைக்கு எட்டும் உயரத்திலேயே அடர்ந்து நிற்கும். துரட்டி தேட வேண்டாம்.

இப்போது அடுக்களைக்கு வாருங்கள். கீரையில் இரும்புச் சத்து இருக்கிறது என்பது நிஜம். ஆனால் அதில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி சேர்ந்தால் அதிகமாக உட்கொள்ளும். அதனால் பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் வீணாகும். சாப்பிட்ட உடனே காப்பி, டீ குடித்தால் இரும்பு உள்ளே போகாமல் தடைபடும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இது நம் வீடுகளில் சிரமம்தான், தெரியும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கீரையைப் பருப்போடு வேகவைத்து மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு ஊட்டலாம். எந்தக் கீரையானாலும் மூன்று நான்கு தண்ணீர் மாற்றி அலசுங்கள். மண்ணோடு புழு முட்டையும் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ரத்த சோகை என்று டாக்டர் சொன்னபின் கீரையை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்தில் மட்டுமல்ல, பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தை பிறந்ததும் மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிற வீடுகள்தான் அதிகம்.

வெயில் வருமுன்

வெண்டை, கொத்தவரை, புடல், பாகல், பீர்க்கு, வெள்ளரி இவற்றை இப்போது ஊன்றலாம். வெண்டை 45 நாளில் காய்க்க ஆரம்பிக்கும். கத்தரி, மிளகாய்க்கு முதலில் நாற்று விட்டு, 35, 40 நாளில் பிடுங்கி நட வேண்டும். கோஸ், காலிஃப்ளவர் ஆசையை ஐப்பசிக்குத் தள்ளிப் போடுங்கள், சமவெளியில் இனி அது உருப்படாது. கொத்தமல்லியும் இந்த மாதத்தோடு சரி. பங்குனி வெயிலில் இலை விடாமல் பூவுக்கு ஓடிவிடும். பிஞ்சுச் செடிகளுக்கு மத்தியான வெயிலில் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள்.

அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர் எல்லாம் கீரைக்கு. சோப்புத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் மட்டும். பனிக்கால மிச்சமாக இலைக்கு அடியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ அப்பியிருந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்கால வேளையில் தெளிக்கவும்.

காய்ந்த அவரைக்கொடியை இழுத்துப் போடுமுன், நெற்றுகளில் நல்லதாகப் பார்த்துப் பறித்துக்கொள்ளுங்கள். பூச்சி துளைத்ததைத் தள்ளிவிட்டு, மற்றதை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ கலந்து இறுக்கமான டப்பாவில் போடுங்கள். மேலே பெயரும் மாதமும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆடியில் எடுக்கும்போது எது அவரை, எது மொச்சை என்று பக்கத்து வீட்டு மாமியிடம் ஓட வேண்டியிருக்காது.