எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் குடல் நுண்ணுயிரிகளும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களால் பாதிக்கப்பட்ட பலருக்கு, பிறரிடமிருந்து குருத்தணுக்களைப் பெற்றுச் செலுத்தும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மறுவாழ்வு அளித்து வருகிறது. ஆனால், புதிய அணுக்கள் உடலில் வேரூன்றிய பின்னரும் ஓர் ஆபத்து நீடிக்கிறது. கொடையாளரின் நோயெதிர்ப்பு அணுக்கள் நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்குவதே அது. 'ஜி.வி.ஹெச்.டி.' எனப்படும் இந்தப் பாதிப்பைக் குடல் நுண்ணுயிரிகளின் துணையுடன் தடுக்கவோ தணிக்கவோ இயலுமா என்று ஆய்வுகள் நடைபெறுகின்றன.

தாக்குதலும் சிகிச்சையும்

இந்தப் பாதிப்பு பெரும்பாலும் தோல், கல்லீரல், குடல் ஆகியவற்றில் வெளிப்படுகிறது. முதற்கட்டமாக ஸ்டீராய்டு மருந்துகள் வழங்கப்படுகின்றன. அவற்றுக்குக் கட்டுப்படாதவர்களுக்கு 'ருக்சோலிடினிப்' மருந்து பயன்படுத்தப்படுகிறது. இரண்டும் பலனளிக்காத நிலையில், குடல் பாதிப்பு உயிரிழப்பு வரை இட்டுச் செல்லக்கூடும்.

குடலின் பங்கு என்ன?

குடலில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைச் சிதைத்து 'பியூட்டிரேட்' என்ற பொருளை உருவாக்குகின்றன. குடலின் உட்சுவர் அணுக்களுக்கு இதுவே முக்கிய ஆற்றல் மூலம். மாற்று சிகிச்சைக்கு முன் அளிக்கப்படும் கீமோதெரபி, கதிர்வீச்சு, தொற்றைத் தடுக்கத் தரப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள், உணவு உட்கொள்ள இயலாமை ஆகியவற்றால் இந்த பாக்டீரியாக்கள் வெகுவாகக் குறைகின்றன. அந்த இடத்தில் 'என்டரோகாக்கஸ்' போன்றவை பெருகுகின்றன.

நியூயார்க், டர்ஹாம், ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நகரங்களில் 1,362 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2020-ஆம் ஆண்டு வெளியாகின. குடல் நுண்ணுயிரிகளின் பன்முகத்தன்மை குறைந்தவர்களிடையே உயிரிழப்பு அதிகமாக இருந்தது அதில் தெரியவந்தது. எனினும், இது இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிறதே தவிர, ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்பதை உறுதிப்படுத்தவில்லை.

பரிசோதனையில் உள்ள வழிகள்

முதலாவது, உணவு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எளிதில் செரிக்காத உருளைக்கிழங்கு மாவுச்சத்தை 10 நோயாளிகளுக்கு அளித்தபோது குடலில் பியூட்டிரேட் அளவு உயர்ந்தது. இது மிகச் சிறிய தொடக்கநிலை ஆய்வாகும்.

இரண்டாவது, ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரிகளை நோயாளிக்குச் செலுத்துவது. மின்னசோட்டாவில் நடைபெற்ற ஆய்வில் சிலருக்கு இத்தகைய மாத்திரைகளும், சிலருக்கு மருந்தற்ற மாத்திரைகளும் வழங்கப்பட்டன. 2023-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, குடல் நுண்ணுயிரிகள் மீண்டும் பெருகியபோதிலும், நோய்த்தொற்றுகள் குறையவில்லை.

மூன்றாவது, பல கொடையாளர்களின் நுண்ணுயிரிகளைக் கலந்து, ஆசனவாய் வழியே செலுத்தும் பிரான்ஸ் நாட்டுத் தயாரிப்பான 'மாட்013'. ஸ்டீராய்டுக்கும் ருக்சோலிடினிப்புக்கும் கட்டுப்படாத 66 பேரில் 62 சதவீதத்தினருக்கு 28-ஆம் நாளில் குடல் பாதிப்பில் முன்னேற்றம் காணப்பட்டதாக 2025 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால், இந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கென வேறு சிகிச்சை பெற்ற தனிக் குழு இல்லை.

எச்சரிக்கை ஏன்?

மலவழி நுண்ணுயிர் சிகிச்சை பெற்ற, நோயெதிர்ப்புத் திறன் குன்றிய இருவருக்கு, மருந்துகளை எதிர்க்கும் 'இ.கோலை' பாக்டீரியா தொற்றியதாகவும், அவர்களில் ஒருவர் உயிரிழந்ததாகவும் 2019 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. கொடையாளரின் மலத்தில் அந்த பாக்டீரியா உள்ளதா என முன்கூட்டியே சோதிக்கப்படவில்லை. இதையடுத்து, கொடையாளர்களுக்கான பரிசோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

இந்தியாவுக்கு இது மிகவும் பொருந்தும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. இன்று பல நகரங்களில் இச்சிகிச்சை கிடைக்கிறது. அதேவேளையில், மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் நாட்டில் பரவலாக உள்ளதால், கொடையாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. காய்ச்சலால் அவதிப்படும் நோயாளிக்குக் குடல் பாக்டீரியாக்களைக் கருதி ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடவும் இயலாது.

நோயாளிகளின் குடும்பத்தினர் கவனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: கடைகளில் கிடைக்கும் புரோபயாட்டிக் மாத்திரைகளில் இருப்பவையும் உயிருள்ள பாக்டீரியாக்களே. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் அவை ரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எனவே, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதலின்றி அவற்றைக் கொடுக்கக் கூடாது.