ஆழம் கூடினால் உவர்: யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஆறென்று பெயர் பெற்ற வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். ஆனாலும் சுன்னாகத்திலும் உரும்பிராயிலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வெயிற்காலத்திலும் பச்சையாக நிற்கின்றன. எல்லாம் கிணற்றுத் தண்ணீரின் தயவு. அந்தக் கிணறுகளை நிரப்புவது குடாநாட்டின் மேல் பெய்யும் மழை மட்டும்தான். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டிவிடுகிறது. மூன்று மாத மழையை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது காலடியிலுள்ள சுண்ணக்கல்.

கல்லைக் கரைக்கும் மழை

சுன்னாகமும் உரும்பிராயும் அடங்கிய வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது மயோசீன் காலத்தில், அதாவது 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர், கடலடியில் படிந்த சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஊர்க் கேத்தல்களின் அடியில் படியும் வெள்ளைப் படிவு, அப்படிக் கரைந்து வந்த கல்தான்.

காலப்போக்கில் வெடிப்பு வாய்க்காலாகிறது, வாய்க்கால் குகையாகிறது. குகையின் கூரை தாங்காமல் இடிந்தால் மேலே பெரிய பள்ளம் விழும். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கேணி அவ்வாறு உண்டானது. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்றும், அடியில்லாதது என்றும் ஊர்க் கதை உண்டு. அதற்கு அடி உண்டு. ஆனால் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதுதான் அதன் உண்மையான அதிசயம். குடாநாட்டில் பெரிய ஆறுகள் உருவாகாததற்கும் இதே கல் ஒரு காரணம்: மழை ஓடுவதற்கு முன்னரே கீழே இறங்கிவிடுகிறது.

கடலை நோக்கிய நடை

இறங்கிய தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. நீர்மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு, கடைசியில் கடலுக்குப் போகிறது. கீரிமலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கரையோரக் கேணியில் நன்னீர் ஊற்று, மதிலுக்கு அப்பால் கடல்.

மணலுக்குள் தண்ணீர் ஊர்ந்துதான் போகும். அழுக்கும் ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணக்கல்லின் அகன்ற வெடிப்புகளில் தண்ணீர் விரைந்து ஓடும், வடிகட்டல் குறைவு. அதனால் மலக்குழிக் கசிவும் தோட்டத்துக்குப் போடும் உரமும் எளிதில் கிணற்றைச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது பெரிய ஆபத்து.

மிதக்கும் நன்னீர்

மூன்று பக்கமும் கடலும் நீரேரியும் சூழ்ந்த நிலத்தின் அடியிலும் கடல்நீர் புகுந்திருக்கிறது. நன்னீர் அதைவிட அடர்த்தி குறைந்தது. எனவே நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லைபோல அதன் மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்பவரும் அடுத்து ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கொரு கணக்குச் சொன்னார்கள்: நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை நிலையாக அரை மீற்றர் தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் நாளடைவில் 20 மீற்றர் வரை மேலேறலாம். குடாநாட்டில் நீர்மட்டம் கடலைவிட அதிகம் உயரமில்லை, வில்லையும் மெல்லியதே.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலே இறைப்புக்கு எல்லை வைத்தது. இயந்திரத்துக்கு அந்தக் களைப்பு இல்லை. கிணறு உவர்த்தால் இன்னும் தோண்டலாம் என்று தோன்றும். இங்கே தோண்டத் தோண்ட உவர்நீர்தான் கிட்ட வரும். குறைவாக இறைப்பது, ஒரே கிணற்றில் மணிக்கணக்காக இறைக்காமல் இடைவெளி விடுவது, குளங்களைத் தூர் வாரி மாரி மழையை நிலத்தினுள் இறங்கவிடுவது: நீர்மட்டத்தை உயர்த்திவைக்க இவையே வழி.