மாசித் திருவிழாவுக்கு வந்த காரின் கரிக்கணக்கு

மூங்கிலணை காமாட்சி அம்மனைக் கும்பிடச் சென்னையிலிருந்து தேவதானப்பட்டிக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்த மருமகன், டீ குடிக்கும்போது கேட்டான்: "மாமா, வந்துபோற புகைக்கு ஈடா காசு கட்டினா மரம் நட்டுருவாங்களாம். கணக்கு நேராயிருமா?"

நல்ல கேள்வி. போக வர ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 67 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். ஆனால் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. "அதெப்படி மாமா?" பெட்ரோலின் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. கூடிய எடை காற்றினுடையது. ஆக அவனுடைய பயணத்துக்கு ஏறத்தாழ 150 கிலோ.

அதில் கார்பன் மட்டும் 41 கிலோ. காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன். அப்படியானால் இந்த ஒரு பயணத்துக்கு எண்பது கிலோவுக்கு மேல் மரம் புதிதாக விளைய வேண்டும். நம் தோப்பில் நட்ட மாங்கன்று அவ்வளவு பருக்கப் பல வருஷம் பிடிக்கும். புகையோ இரண்டு நாளில் வானத்துக்குப் போய்விட்டது. பருத்த மரமும் தலைமுறைகளுக்கு நிற்க வேண்டும். எரிந்தால் சேர்த்தது மொத்தமும் திரும்பக் காற்றுக்கே. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மனித உயிர்களைக் கொண்டுபோன அந்தத் தீயை நம் தேனி மாவட்டம் மறக்காது. கோடையில் நம் மலைகள் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைக் காசு வாங்குகிறவர் கணக்கில் சேர்த்தாரா?

எங்கே நடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பழனிமலையின் உச்சிகளில் சோலையும் புல்வெளியும் சேர்ந்தே இருந்தன. புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். புல் ஒடுங்கியது. மண்ணுக்குள் கார்பனைப் பிடித்து வைப்பதும், மழையைத் தேக்கி ஓடைகளுக்கு விடுவதும் அந்தப் புல்தான். மஞ்சளாறு இறங்கிவருவதும் அதே மலையிலிருந்துதான். அங்கே மரம் நடக் காசு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

"அப்ப காத்தாடிக்குக் குடுக்கலாமா?" ஆண்டிபட்டிப் பக்கம் சுற்றுகிறதே, அதைச் சொல்கிறான். கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் தமிழகக் காற்றாலைகள் பலவும், தவிர்த்த புகைக்குச் சான்றான கார்பன் கிரெடிட்டை விற்றன. இதில் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தப் பணம் வராவிட்டாலும் காற்றாலை நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால், உன் பணத்தால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. காற்று மின்சாரம் மலிந்துவிட்டதால்தான், கிரெடிட்களைப் பதிவுசெய்யும் வெர்ரா போன்ற அமைப்புகள் 2020 வாக்கில் இந்தியா போன்ற நாடுகளின் புதிய காற்றாலைகளை ஏற்பதைப் பெரும்பாலும் நிறுத்தின.

திருவிழாவுக்கு வராதே என்று நான் சொல்ல மாட்டேன். அதே காரில் நாலு பேராக வந்தால் தலைக்கு நாற்பது கிலோகூட ஆகாது. 2023 ஜூனிலிருந்து சென்னை–போடி ரயில் ஓடுகிறது. தேனியில் இறங்கிப் பஸ் ஏறினால் அதைவிடவும் குறையும். அதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால், இருக்கிற சோலையைத் தீயிலிருந்து காக்கிறவர்களுக்குக் கொடு. ஆனால் அதை வைத்து உன் 150 கிலோவை அழித்துவிடாதே.