கறுப்பு நகரமும் கறுப்பர் குடிசைத் தெருவும்

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே 'வெள்ளை நகரம்', மேற்கே 'கறுப்பு நகரம்' என்றுதான் பிரெஞ்சு அதிகாரம் புதுச்சேரியைப் பிரித்து வைத்தது. அந்தக் கறுப்பு நாம்தான். இதை மறந்துவிட்டு, கறுப்பர் சினிமா என்றால் ஏதோ அமெரிக்கச் சங்கதி என்று ஒதுங்கிக்கொள்கிறோம். யூஸான் பால்சி 1983இல் எடுத்த முதல் முழுநீளப் படத்தை நாம் பார்த்தாக வேண்டியது இதனால்தான்.

பால்சி மார்த்தினிக் தீவில் 1958இல் பிறந்த கறுப்பினப் பெண். ழோசஃப் ஸோபெல் 1950இல் வெளியிட்ட நாவலே படத்துக்கு மூலம். தலைப்பு 'ரூ காஸ் நேக்ர்', அதாவது கறுப்பர் குடிசைத் தெரு. நம்மூர்த் தெருப்பலகைகளில் இருக்கிற அதே 'ரூ'. வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்றது.

களம் 1930களின் கரும்புத் தோட்டம். மற்றப் பிள்ளைகளைப்போலப் பேரன் ழோசேயையும் காட்டு வேலைக்கு அனுப்ப மறுக்கிறாள் பாட்டி. அவனுக்கு இரண்டு பள்ளிகள். ஒன்று பிரெஞ்சுப் பள்ளி. இன்னொன்று கிழவர் மெதூஸ். அடிமைத்தனம் ஒழிந்தும் நிலம் வெள்ளையரிடமே இருந்ததால் அதே கரும்புக்குத் திரும்பிய கதையை அவர்தான் சொல்லித்தருகிறார். பிறகு நகரத்துப் பள்ளியில் ழோசே நன்றாகக் கட்டுரை எழுத, 'காப்பியடித்தாய்' என்கிறார் ஆசிரியர். தோட்டத்துப் பையனுக்குச் சொந்த வாக்கியம் இருக்கமுடியாது என்பதுதானே அதிகாரத்தின் இலக்கணம்? அவன் படிப்புக்காகப் பாட்டி துணி வெளுக்கிறாள். தோட்டக் கணக்கின் மோசடியைக் காட்ட முயன்ற நண்பன் லெயோபோல் கைதாகிறான். ஆக, ஒருவன் தப்பிப்பதை விடுதலை என்று படம் ஏமாற்றவில்லை. நம் சினிமா கொண்டாடும் 'கள்ளமற்ற பால்யம்' இங்கே கிடையாது.

இந்தக் கரும்பில் நமக்கும் பங்கிருக்கிறது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் கூலி பேசத் தொடங்க, அவர்களை மடக்கத் தோட்ட முதலாளிகள் 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். மார்த்தினிக்குக்கு மட்டும் சுமார் 25,000 பேர். பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். நம்முடைய 'கூலி' என்ற சொல்லே அங்கே வசையானது. கறுப்பரோடு சேர்ந்து நசுங்கியவர்கள் நாம். கறுப்பருக்கு எதிராக நிறுத்தப்பட்டவர்களும் நாம்தான். இரண்டில் ஒன்றை மட்டும் பேசும் அடையாள அரசியல் அரை உண்மை.

மாரி செல்வராஜின் 'வாழை'யில் (2024) தார் சுமக்கும் சிறுவனும் பள்ளிக்குத்தான் ஏங்குகிறான். கரும்பின் இடத்தில் வாழை, நிறத்தின் இடத்தில் சாதி. மார்த்தினிக் பையனுக்காக உருகும் நாம், நம்மூரில் அந்தத் தாரை யார் தலையில் ஏற்றுகிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.