செஞ்சியில் சிறு மரப்பெட்டிகள்

பன்னிரு மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. காண வருவோர் வாங்கத்தக்க சிறு பெட்டிகளை நம் வீட்டுப் பட்டறைகளிலேயே செய்யலாம்.

வேம்பாயினும் வாகையாயினும் பச்சை மரம் ஆகாது. ஓர் அங்குலக் கனப் பலகை நிழலில் உலர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அவசரப்பட்டால் சித்திரை வெயிலில் மூடி கோணும். பழியோ தச்சரைச் சேரும். ஓராண்டுக் காலம் பணத்தை முடக்கி வைக்க ஏழைத் தச்சருக்கு வழியேது? பலகை உலர்த்தப் பொதுக் கொட்டகை ஒன்றைப் பஞ்சாயத்தார் அமைத்துத் தருவாராக.

இருபது பெட்டிக்குரிய பலகைகளையும் ஒருசேர அறுத்திடுக. அளவுக்கட்டை ஒன்றைப் பொருத்திவிட்டால் துண்டுதோறும் அளக்க வேண்டுவதில்லை. மூடியைத் தனியே செய்தல் வேண்டா. ஆறு பக்கமும் மூடி ஒட்டி, பசை காய்ந்தபின் மேற்பகுதியைச் சுற்றிலும் அறுத்தெடுத்தால் மூடி தானே பொருந்தும். அறுக்கும் கோட்டில் மட்டும் ஆணி இருத்தலாகாது.