புதிய தவணை: பிரதிநிதியிடம் எதைக் கேட்பது?

தேர்தல் முடிந்து சில வாரங்களில் தொகுதி சேவை மையத்தின் முன் நாற்காலிகள் போடப்படும். வெற்றி பெற்றவர் வந்து நன்றி கூறுவார். இந்தத் தவணையில் செய்யவிருப்பதை விளக்குவார். கேட்க வந்தவர்களில் ஒருவர் கையில் பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பம் இருக்கும். இன்னொருவர் வீட்டெதிரே கால்வாய் அடைத்துக் கிடக்கும். மூன்றாமவர் கோயில் நிலத்திற்காக வந்திருப்பார். மூவரும் ஒருவரிடமேதான் முறையிடுகிறார்கள். ஆனால் மலேசியாவில் அந்த மூன்றுக்கும் வாசல்கள் வேறு வேறு.

குடியுரிமை, கல்வி, சுகாதாரம் ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. ஆகவே குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றி மக்களவையில் கேள்வி எழுப்ப நாடாளுமன்ற உறுப்பினரால் முடியும். சட்டமன்ற உறுப்பினரால் முடியாது. கோயில் நிலமென்றால் சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பதே பொருத்தம். தமிழ்ப்பள்ளியின் கதையோ இரண்டுங்கெட்டான். ஆசிரியரை அனுப்புவது கல்வி அமைச்சு, நிலம் தருவது மாநிலம். இருவரும் ஒரே மேசையில் உட்காராத வரை பள்ளி காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கால்வாய் விவகாரம் இன்னும் வேடிக்கையானது. அதைப் பார்க்க வேண்டியது ஊராட்சி மன்றம். ஆனால் ஊராட்சித் தேர்தல்கள், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநிறுத்தியது. தாம் தேர்ந்தெடுக்காத கவுன்சிலரை மக்கள் எப்படித் தட்டிக் கேட்பார்கள்? அதனால்தான் குப்பை, விளக்கு, சாக்கடை எல்லாம் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்கே வந்து சேருகின்றன.

தவணைகளும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. 15-ஆவது பொதுத் தேர்தல் 2022 நவம்பர் 19-இல் நடந்தது. சிலாங்கூர், பினாங்கு, நெகிரி செம்பிலான், கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய ஆறு மாநிலங்களில் மட்டும் சட்டமன்றத் தேர்தல் 2023 ஆகஸ்ட் 12-இல்தான் நடைபெற்றது. அங்குள்ள ஒரு குடும்பம் ஓராண்டுக்குள் இரு புதிய தவணைகளைக் கண்டது. தவணைக் கணக்கும் வாக்களிப்பு நாளிலிருந்து தொடங்குவதன்று. அவையின் முதல் கூட்டத்திலிருந்தே ஐந்தாண்டு எண்ணப்படுகிறது. மக்களவையின் முதல் கூட்டம் 2022 டிசம்பர் 19.

முதல் சந்திப்பில் ஆண்டு மானியம் எவ்வளவு, அது எதற்குச் செலவாகும் என்பதைப் பிரதிநிதி சொல்லிவிடுவது நல்லது. ஆளும் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் மானியம் ஒரே அளவில் கிடைக்காத தகராறு நெடுநாளாக உண்டு. தொகை குறைவென்றால் அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று பழைய கோப்புகளின் நிலை. சேவை மையம் அரசாங்க அலுவலகமன்று. பிரதிநிதி மாறினால் மேசையோடு கோப்புகளும் வெளியேறிவிடக் கூடும். மூன்று ஆண்டுகள் அலைந்தவர் மறுபடி முதல் படியில் நிற்க நேரும். சிவப்பு அடையாளக் கார்டோடு வாழும் குடும்பத்துக்கு அந்த மூன்று ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல.

மனுவின் நகலும் தேசியப் பதிவுத் துறை கொடுத்த பதிவு எண்ணும் வீட்டில் இருந்தால், அவற்றைப் புதிய அலுவலகத்தில் காட்டி விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று கேட்கலாம். பதில் எப்போது கிடைக்கும் என்ற தேதியையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.